நாடி துடிக்குது, ஆவி வந்தாச்சு!

நகலெடுக்கும் கடைக்கு மேல்மாடியில் செத்தவர்கள் வந்துபோகிறார்கள் என்று ஊரே பேசியது. படிக்கட்டில் கால் வைக்க இடமில்லை. உயிரோடு இருந்தபோது மாமியாரை எட்டிப் பார்க்காதவர்களெல்லாம் செத்த மாமியாரைப் பார்க்க வரிசையில் நின்றார்கள்!

மேலே, வெள்ளைக் கோட்டுப் போட்ட 'ஆவி விஞ்ஞானி'. வருபவர் தலையில் கண்ணை மூடும் கருவியொன்றை மாட்டிவிடுவார். செத்தவரின் போட்டோவை வைத்துக் கணினி செய்த உருவம் அதற்குள் சிரிக்கும். விரலில் ஒரு கிளிப். நாடி எகிறினால் திரையில் சிவப்புக் கோடு துள்ளும்.

"பாத்தீங்களா! வாய் பொய் சொல்லும், உடம்பு சொல்லுமா? ஆவி எதிர்ல நிக்குது, நாடி துடிக்குது!"

என்ன தர்க்கம்! கனவில் நாய் துரத்தினாலும் வேர்க்கிறது. விடிந்ததும் கட்டிலுக்கடியில் நாயைத் தேடுகிறோமா?

தையற்காரி ஒருத்திக்கு அந்தக் கருவிக்குள் செத்த கணவர் வந்து, தையல் கடையை விஞ்ஞானிக்கு எழுதிக் கொடுக்கச் சொன்னாராம். கையெழுத்துப் போட வந்துவிட்டாள். பின்னாலேயே மூச்சிரைக்க நாத்தனார்.

"அண்ணி, பேனாவக் கீழ வைங்க. எங்கண்ணன் ஊசி வாங்கக்கூட உங்களக் கேக்காமப் போனதில்ல. செத்ததும் கடையையே தூக்கிக் குடுத்துடுமா?"

"என் நெஞ்சு படபடன்னு அடிச்சுதேடி! அது பொய்யா?"

"அடிச்சது நெசம். வந்தது யாருன்னுதான் கேக்கறேன்." நாத்தனார் விஞ்ஞானி பக்கம் திரும்பினாள். "ஐயா, கிளிப்ப உங்க விரல்ல மாட்டுங்க. வீடியோ கேம் கடையிலருந்து இதே மாதிரி கண்ணுக் கருவி ஒண்ணு கொண்டாந்திருக்கேன். கண்ணுல போடுங்க."

"எனக்கெதுக்கும்மா?"

"பயமா?"

வரிசை சிரித்தது. வேறு வழியில்லாமல் மாட்டிக்கொண்டார். உள்ளே வானுயர்ந்த கட்டடம். விளிம்பில் ஒற்றைப் பலகை. திரையில் சிவப்புக் கோடு உச்சியைத் தொட்டது. நெற்றியில் வேர்வை.

"ஒரு எட்டு முன்னால வைங்க."

"ஐயோ, விழுந்துடுவேன்! பள்ளம்!" மேசையைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. உடம்பு பொய் சொல்லாதாம். அப்ப இந்த ரூம்ல பள்ளம் இருக்கணுமே. தேடுங்க!"

ஒரு பெரியவர் நிஜமாகவே குனிந்து பார்த்தார்.

விஞ்ஞானி கருவியைப் பிடுங்கி எறிந்தார். "அது வேற! அது வெறும் படம்!"

"அப்ப எனக்குக் காட்டினது?" என்றாள் தையற்காரி.

அவள் பத்திரத்தைத் துணி கிழிப்பதுபோல் நேராகக் கிழித்தாள்.

"அவர் முகத்த இன்னொரு தடவ பாக்கலாம்னுதான்டி..."

"போட்டோ வீட்லயே இருக்கு அண்ணி. அது எதையும் எழுதிக் குடுன்னு கேக்காது. வாங்க, கடையத் திறப்போம்."

இருவரும் படிக்கட்டில் இறங்கும்போது வரிசையில் நின்ற ஒருவர் கேட்டார்: "ஏம்மா, அடுத்து எங்க முறைதானே?"

ஐயா, துடிப்பது நெஞ்சின் வேலை. தலை, கருவி மாட்டும் ஆணியல்ல. அதற்குள்ளும் மூளையென்று ஒரு கருவி இருக்கிறது; அதையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்!