மலைப்பாதையில் சூடான சிப்

படித்த படிப்பைச் சொந்தக்காரர் வண்டியில் சோதித்துப் பார்க்கக் கூடாது. இது எல்லா இன்ஜினியருக்கும் தெரியும். சோதித்த பிறகு தெரியும்.

எனக்கு அப்போது சென்னையில் சிப்களுக்கு புரோகிராம் எழுதும் வேலை. திருத்தணியில் அக்கா வீட்டுக்காரர், எங்கள் பாவா, பழைய கார் ஒன்று வாங்கியிருந்தார். ஹாரன், வைப்பர் எல்லாவற்றையும் ஒரே சிப்பால் இயக்கிக் காட்டுகிறேன் என்று ஒரு போர்டு செய்து, பானட்டுக்குள் இன்ஜினை ஒட்டி மாட்டினேன். (ஒயர் மிச்சமாகுமாம்.)

அந்தச் சிப் இரண்டு ரகத்தில் வரும். கமர்ஷியல் கிரேடு, வீட்டிலும் ஆபீசிலும் இருக்கும் கருவிகளுக்கு. ஆட்டோமோட்டிவ் கிரேடு, சூடு, குளிர், அதிர்வு எல்லாவற்றிலும் சோதித்து வண்டிகளுக்கென்றே வருவது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். பெயரில் கடைசி எழுத்து மட்டும் வேறு. ஓர் எழுத்து என்ன செய்துவிடும் என்று கமர்ஷியலையே வாங்கினேன்.

அந்தக் காரில்தான் எனக்குப் பெண் பார்க்கப் போனோம். பள்ளிப்பட்டுப் பெண், மலைக்கோயிலில் சந்திப்பதாக ஏற்பாடு. சித்திரை வெயில், ஏற்றம், முன்னால் நகராத பஸ். பாதி மலையில் வைப்பர் தானாக ஆடத் தொடங்கியது.

"மழையே இல்ல, இன்னாத்துக்குடா ஆடுது?" என்றார் பாவா.

"செக் பண்ணிக்கினு இருக்குது பாவா."

மேலே போய் நிறுத்தியதும் ஹாரன் பிடித்துக்கொண்டது. சாவியை எடுத்தும் ஓயவில்லை. மொட்டை போட உட்கார்ந்திருந்தவர்கள் பாதித் தலையோடு எழுந்து பார்த்தார்கள். பெண்ணின் அப்பா உதவ வந்து பானட்டின் மேல் குனிந்தார். கண்ணாடி கழுவும் சோப்புத் தண்ணீர் சரியாக அவர் முகத்தில் பீய்ச்சியது.

நான் பானட்டைத் திறந்து பேட்டரி ஒயரைப் பிடுங்கினேன். அமைதி. பெண் வந்து எட்டிப் பார்த்தாள். கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் டெஸ்டிங் வேலை அவளுக்கு. (தரகர் சொன்னபோது நான் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.)

"இன்னா கிரேடுங்க இது?"

"கமர்ஷியல்."

"இன்ஜின் பக்கத்துலயா?"

"ஆங்."

அவள் முகம் துடைத்துக்கொண்டிருந்த அப்பாவிடம் திரும்பினாள். "நைனா, கேட்டதும் தப்ப ஒத்துக்கினாரு. இந்த மாதிரி ஆள் எங்க ஆபீஸ்லயே இல்ல."

கல்யாணம் நடந்துவிட்டது. இப்போது எங்களிடம் இருப்பது ஷோரூமில் வாங்கிய புதுக் கார். பானட்டை நான் திறந்ததுகூட இல்லை. ஆனால் மலைக்குக் கிளம்பினால் மாமனார், "நீங்க போங்க மாப்ள, நா படியிலயே வந்துடறேன்" என்பார். மூச்சு வாங்க மேலே வந்து சேர்ந்ததும், காருக்கு எட்டத்தில் நின்று, எல்லோரும் பார்க்கும்படி துண்டால் முகத்தை மூடிக்கொள்வார்.