வெயிட்டிங் அண்ணாத்தே எண்ணிய பத்து

சும்மா நிற்பதை ஒரு தொழிலாகவே செய்தவர் இந்த உலகத்தில் எங்கள் வெயிட்டிங் அண்ணாத்தே ஒருவர்தான்.

மேனாம்பேட்டுக்காரர். அம்பத்தூரில் லிஃப்ட் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்யும் எங்கள் கம்பெனியில், அந்தப் பெட்டிக்குள் ஓடும் கெர்னலை, அதாவது பெட்டியை எழுப்பி நடத்தும் அடிப்படை நிரலை, ஆதியில் எழுதியவர். எதைத் தொடங்கினாலும் முதலில் பத்து எண்ணுவார். ஸ்கூட்டரை உதைத்துவிட்டுப் பத்து. இட்லி வந்ததும் பத்து. மாங்காட்டில் அம்மன் முன்னால் நின்று எண்ணியவரை, கும்பிடுவதற்குள் கூட்டம் வெளியே தள்ளிவிட்டது. லிஃப்ட் திறந்தாலும் எண்ணுவார். அதற்குள் கதவு மூடிவிடும். ஆகவே மூன்று மாடியும் படியேறித்தான் வருவார்.

"எதுக்குண்ணே இது?" என்றேன்.

"எதுவும் கண்ண முழிக்க டைம் வோணும் நைனா. எய்ந்ததும் ஓட சொன்னா நீ ஓடுவியா?"

புதிதாக வந்த மேனேஜர், "இவர் என்னதான் பண்றார்?" என்று என்னைக் கேட்டார். அந்த வெள்ளிக்கிழமையோடு அண்ணாத்தேயை வீட்டுக்கு அனுப்புவதென்று முடிவாயிற்று.

அதே வாரம் மேனேஜர் கம்பைலரையும் மாற்றினார். நாம் எழுதுவதை இயந்திரத்துக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தருவது அது. புதுசு மகா கெட்டிக்காரன். வேண்டாததைத் தானே கழித்துவிடும். விளைவு, பழைய கெர்னல் எழவே இல்லை. முகப்பேர் அடுக்ககத்துக்குப் போக வேண்டிய பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து, ஐந்து பேர் மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம்.

வெள்ளிக்கிழமை காலை அண்ணாத்தே மேஜையைக் காலி செய்ய வந்தார். டிராயரைத் திறக்குமுன் எண்ணத் தொடங்கியவர், ஆறிலேயே நிறுத்தி, கம்பைலர் துப்பியதை என் திரையில் எட்டிப் பார்த்தார்.

"இன்னா நைனா, இது எண்ணவே காணோம்?"

கெர்னலையும் அவர் எண்ண வைத்திருந்தார். பெட்டியில் இருக்கும் ஒரு சிப் விழிக்கும்வரை அது வெறுமனே எண்ணிக்கொண்டு நிற்க வேண்டும். அந்த எண்ணிக்கையால் யாருக்கும் பயனில்லை என்று பார்த்த புதுக் கம்பைலர், வெட்டி வேலையென்று அதைக் கழித்திருந்தது. 'இதில் கை வைக்காதே' என்று கம்பைலருக்குச் சொல்லும் ஒரே ஒரு சொல்லை அண்ணாத்தே சேர்த்தார். பெட்டி எழுந்துவிட்டது.

"அவ்வளவுதானா?" என்றார் மேனேஜர்.

"அவ்ளோதான் சார். சும்மா நின்னுகினு கீதுன்னு தூக்கிட்டீங்க."

மேனேஜர் முகம் சுருங்கிப்போயிற்று. "அண்ணே, நீங்க போக வேணாம். இங்கேயே இருங்க," என்றார்.

அண்ணாத்தேயின் உதடு அசைந்தது. ஒண்ணு, ரெண்டு, மூணு.

நானும் கூடவே எண்ணினேன். இந்த மனுஷன் போய்விடக் கூடாதே என்று, அவ்வளவு நீளமான பத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் எண்ணியதில்லை.