கந்தோர் அண்ணை தட்டிய கதவு

பாரிசின் லா சப்பலில் நடமாடும் அத்தனை தமிழர்களின் பயங்களையும் ஒரு தட்டில் கொட்டி, கந்தோர் அண்ணையின் பயத்தை மட்டும் மறு தட்டில் வைத்தால், தராசு அவர் பக்கம் சாய்ந்து, கீழே நிற்பவன் தலையில் விழும். கீழே நிற்பவன் பெரும்பாலும் நானாக இருப்பேன்.

மெத்ரோவில் பரிசோதகர்களைக் கண்டால், செல்லுபடியாகும் மாதச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டே அடுத்த பெட்டிக்கு ஓடுவார். மருந்துக்கடை வாசலில் பச்சை விளக்கு மினுங்கினால், "ஆருக்கோ சைகை காட்டுறாங்கள்" என்பார். எல்லாவற்றையும்விட அவர் பயந்தது கதவு தட்டும் சத்தத்துக்கு. அதனால் தானும் எவர் வீட்டுக் கதவையும் தட்டமாட்டார். சாப்பாட்டுக்கு அழைத்தால், தெருவில் நின்று தொலைபேசியில் கூப்பிடுவார்.

"தம்பி, நான் கீழை நிக்கிறன். வந்து கூட்டிக்கொண்டு போம்."

"மேலை வந்து தட்டலாமே அண்ணை?"

"தட்டினால் உள்ளுக்கு இருக்கிறவன்ரை நெஞ்சு என்ன பாடுபடும் எண்டு யோசிச்சனீரோ?"

அவருடைய சொந்தப் பெயரைக் கேட்கும் துணிவு எங்களில் எவருக்கும் இருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் அலுவலகத்தைக் கந்தோர் என்போம். அண்ணை பாரிசுக்கு வருமுன் ஜெர்மனியின் வடக்கே, மனிதர்களைவிடப் பன்றிகள் அதிகமாக வாழும் ஒரு சிறு நகரத்தில், கத்தோலிக்கத் திருச்சபையின் பிராந்தியக் கந்தோர் ஒன்றில் கட்டடம் பார்ப்பவராக இருந்தார். விளக்கு மாற்றுவது, தரைக்கு மெழுகு பூசுவது, மாலையில் எல்லாக் கதவுகளையும் பூட்டுவது அவருடைய வேலை. மச்சானின் கடைக்கு ஆள் தேவைப்பட்டதால் பாரிசுக்கு வந்தார். உடல்தான் வந்தது. மீதி அங்கேயே தரைக்கு மெழுகு பூசிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பெர்தொனே தெருவில் உள்ள ஒரு சாப்பாட்டுக் கடையில் எங்களை உட்காரவைத்து, அந்தக் கந்தோரின் வரலாற்றைச் சொல்வார். பள்ளியில் வரலாற்றுப் பாடம் என்றாலே தூங்கியவன் நான். அண்ணையின் வரலாற்றில் மட்டும் தூங்க முடியாது. ஒவ்வோர் அத்தியாயமும் ஒரே வசனத்தில் முடியும்: "அப்பத்தான் ஆரோ கதவிலை தட்டினது."

"கேளும் தம்பி. அந்தப் பக்கத்துச் சனம் கத்தோலிக்கச் சனம். ஆளுற கோமகன் வேறை சபைக்காரன். ஆயர், அதுதான் பிஷப், இருக்கிறதோ எல்லைக்கு அங்காலை, வேறை அரசன்ரை நாட்டிலை. அங்கை இருக்கிற ஆயர் தன்ரை சனத்துக்குக் கட்டளை போட்டால் என்ன நடக்குமோ எண்டு கோமகனுக்குப் பயம். கோமகன் தன்னைக் கிட்டவும் விடமாட்டான் எண்டு ஆயருக்குப் பயம். ரெண்டு பயமும் சேர்ந்து பெத்த பிள்ளைதான் எங்கடை கந்தோர்."

அதாவது, ஆயரின் அதிகாரத்தைக் கையில் கொடுத்து, ஆனால் ஆயராக்காமல், ஒரு குருவை எல்லைக்கு இந்தப் பக்கம் உட்காரவைத்தார்கள். மேலே ஒரு ஆயர், பக்கத்தில் ஒரு கோமகன், நடுவில் ஒரு மேசை. அந்த மேசையில் இருந்தவர் நிம்மதியாகத் தேநீர் குடித்திருக்கவே முடியாது என்று அண்ணை நம்பினார். சொல்லும்போது அவருடைய தேநீரும் ஆறிப்போகும்.

பிறகு பழுப்புச் சட்டைக்காரர்களின், அதாவது நாசிகளின், காலம். பள்ளிக்கூடச் சுவர்களிலிருந்து சிலுவைகளை இறக்கச் சொல்லி உத்தரவு வந்தது. விவசாயிகள் சேற்றுச் சப்பாத்துகளோடு நகரத்துக்குத் திரண்டு வந்து நின்றார்கள். உத்தரவு திரும்பிப் போனது. ஆனால் அதை நினைவில் வைத்திருந்து, கொஞ்சக் காலத்தில் கந்தோரின் தலைவரையே அந்த மாநில எல்லைக்கு வெளியே துரத்திவிட்டார்கள். அவர் வெளியே இருந்தபடியே தன் வேலையைப் பார்த்தார்.

"ஆளும் அகதி, கந்தோரும் அகதி. எங்களைப்போலைதான். அந்தச் சுவாமியைக் கூட்டிக்கொண்டு போக முதல் என்ன நடந்தது?"

"கதவிலை தட்டினது" என்போம், மேசையிலிருந்த எல்லோரும், பக்தியோடு.

உலகப்போர் முடிந்ததும் கிழக்கிலிருந்து அகதிகள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். அவர்களுக்குக் கோயிலும் குருவும் தேடுவதே கந்தோரின் வேலையாயிற்று. "பிறகு," என்று தொண்டையைச் செருமுவார், "நான் வந்தன்." ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டு வரலாறு அந்த இடத்தில் சட்டென்று நிற்கும். அதற்குமேல் சொல்ல அங்கே எதுவும் நடக்கவில்லை என்பது அவருடைய முடிவு.

அந்தக் கந்தோருக்குள் திருமண நீதிமன்றமும் உண்டு. கோயிலில் நடந்த கலியாணம் உண்மையிலேயே கலியாணம்தானா என்று விசாரிக்கும் இடம். அதற்கு வெளியே இருந்த நடைக்கூடத் தரைக்கு அண்ணை நிறைய மெழுகு பூசியிருக்கிறார். அப்போது காதில் விழுந்த சட்டத்தை வைத்து லா சப்பலின் கலியாணங்களை எடைபோடுவார். பெரும்பாலும் பிழையாகத்தான் சொல்வார். அந்தத் தைரியத்தில்தான் நான் வாயைத் திறந்தேன்.

"தம்பி, நீர் சைவம். மனிசி பாண்டிச்சேரிக் கத்தோலிக்கம். உம்மடை கலியாணத்துக்கு ஆயரிட்டை விசேஷ அனுமதி எடுத்ததோ?"

"அப்பிடி ஒண்டு இருக்கோ அண்ணை?"

கடித்துக்கொண்டிருந்த றோல்ஸை அவர் தட்டில் வைத்தார். "முழுக்கச் சொல்லும்."

சொன்னேன். அகதி விண்ணப்பம் ஏற்கப்பட வேண்டுமென்று சென் தெனியில் ஒரு கோயிலில் மாதாவுக்கு நான் வாராவாரம் மெழுகுதிரி கொளுத்திய காலம். ஊரிலும் சைவக்காரர் மாதா கோயிலுக்குப் போவது வழக்கம்தானே. அங்கேதான் மதலேனைக் கண்டேன். அங்கேயே கலியாணம் பேசப்பட்டது. வாராவாரம் மெழுகுதிரியோடு நிற்பவன் கத்தோலிக்கனாக இல்லாமல் வேறு என்னவாக இருப்பான் என்று அங்கிருந்த வயதான சுவாமி, அதாவது கோயிலின் குரு, நினைத்துவிட்டார். ஞானஸ்நானப் பத்திரம் எங்கே என்று கேட்டார். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. மொழிபெயர்க்க வந்த என் நண்பன் ஈசன், மேசைக்குப் பின்னால் ஒருவர் பத்திரம் கேட்டால் நாங்கள் எல்லோரும் சொல்லும் பதிலைப் பழக்கத்தில் சொல்லிவிட்டான்: "சண்டையிலை எரிஞ்சு போச்சு."

சுவாமியின் கண் கலங்கிவிட்டது. அதற்குமேல் அவர் எதையும் கேட்கவில்லை.

கந்தோர் அண்ணை சுற்றும் முற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "தம்பி, நீர் இன்னும் கலியாணம் கட்டேல்லை."

"நகரசபையிலை பதிஞ்சிருக்கே."

"அது பிரெஞ்சுக்காரன்ரை கலியாணம். ஞானஸ்நானம் இல்லாத ஆளை அந்த அனுமதி இல்லாமல் கட்டிவைச்சால் செல்லாது. கோயில் கணக்கிலை நீர் தனி ஆள்."

அண்ணை சொல்வது பிழையாகத்தான் இருக்கும் என்று மதலேனிடம் சிரித்துக்கொண்டு சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள். கையிலிருந்த கரண்டியை மெதுவாக வைத்தாள்.

"அப்ப இத்தினி வருஷமா பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்ச் சின்னச் சின்னப் பாவத்தையெல்லாம் சொல்லிட்டு, பெரிசை வூட்லயே வச்சிருந்திருக்கேன்." பார்வை என் மேலேயே இருந்தது.

இப்போதிருக்கும் இளைய சுவாமியிடம் போனோம். வாழ்க்கையில் முதன்முறையாக அண்ணை சரியாகச் சொல்லியிருந்தார். ஆனால் திருத்துவது கடினமில்லை என்றார் சுவாமி. அனுமதியை அவர் வாங்கித் தருவார். இரண்டு சாட்சிகளோடு வந்து, இருவரும் முழுமனதாக மறுபடி சம்மதம் சொன்னால் போதும்.

"ரெண்டு பேருமா, ஃபாதர்?" என்று மதலேன் கேட்டாள்.

"கட்டாயம் இருவரும்."

"சரி. நான் யோசிச்சுச் சொல்றேன்."

தஞ்சம் கேட்டுக் காத்திருந்த காலத்தில்கூட அப்படிப் பயந்ததில்லை. அன்று மாலையே அவள் மகளின் அறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டாள். லியோனில் படிக்கும் மகளிடம் முறையிட்டேன். அவள் பிரெஞ்சில் நெடுநேரம் சிரித்துவிட்டு, அம்மாவின் உரிமை என்றாள். நான் பாத்திரம் கழுவினேன். கேட்காமலே குப்பையைக் கொண்டுபோய்ப் போட்டேன். மதலேன் கோபமாக இருந்திருந்தால் சமாளித்திருப்பேன். அவள் அமைதியாக இருந்தாள். வாடகை ஒப்பந்தம் முடியப்போகிற வீட்டைப் பார்ப்பதுபோல், அவ்வப்போது என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். எங்கெங்கே ஈரம் ஊறியிருக்கிறது என்பது எனக்கே தெரிந்தது.

கந்தோர் அண்ணையிடம் போய்ப் புலம்பினேன். "உங்கடை வரலாற்றாலை என்ரை குடும்பம் போகப்போகுது." அவர் தேநீரைக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார். கடைக்காரர்கூடப் பயந்துபோனார்.

அடுத்த சனிக்கிழமை பின்னேரம், மதலேன் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் மடித்ததை அவள் பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள் என்பதே சரி. அப்போது யாரோ கதவில் தட்டினது.

மெல்லிய தட்டு. தட்டியவனே கேட்கக் கூடாது என்று நினைத்துத் தட்டியதுபோல. மதலேன் திறந்தாள். கந்தோர் அண்ணை நின்றார். கறுப்புக் கோட்டு, கழுத்துப்பட்டி. குளிர்காலத்தில் வியர்வை. தட்டிய கை இன்னும் அந்தரத்திலேயே நின்றது.

"என்னண்ணே, ஏன் இப்பிடி நடுங்குறீங்க?"

"எனக்குக் கதவு தட்டிப் பழக்கமில்லை தங்கச்சி."

உள்ளே வரச் சொன்னாள். வரவில்லை. நிலைப்படியிலேயே நின்று சொன்னார்.

"அந்தக் கலியாண நீதிமன்றத்துக்கு வெளியிலை இருக்கிறதுக்கு ஒரு வாங்கு கிடந்தது. தங்கடை கலியாணம் செல்லாது எண்டு சொல்ல வாற சோடியள் அதிலைதான் இருக்குங்கள். ஒருக்கால் ஒரு மனிசி, பேர் கூப்பிடேக்கை, எழும்பின மனிசன்ரை கொலரைச் சரிப்பண்ணிவிட்டது. பிறகு உள்ளை போய், இவர் எனக்கு ஒருத்தருமில்லை எண்டு சொல்லிச்சுது. அண்டைக்கு எனக்கு மெழுகு பூச ஏலாமல் போச்சு. தங்கச்சி, நான் கடையிலை வாயை வச்சுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கோவத்தை என்னிலை காட்டும். இவனை விட்டிடாதையும். இவன் பயந்தாங்கொள்ளி. தனியச் சமாளிக்கமாட்டான்."

என்னைப் பயந்தாங்கொள்ளி என்று சொன்னவர் யாரென்று யோசித்தபோது, எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

மதலேன் கதவை இன்னும் அகலமாகத் திறந்தாள். "நான் மாட்டேன்னு சொல்லவே இல்லியேண்ணே. முதல் தடவை எங்கப்பா இவரைக் கேட்டாரு, ஃபாதரைக் கேட்டாரு, மண்டபத்துக்காரனைக் கேட்டாரு. என்னை ஒருத்தரும் கேக்கலை. இந்தத் தடவையும் இவரு அனுமதியைப் பத்திப் பேசுறாரு, சாட்சியைப் பத்திப் பேசுறாரு. கேக்க வேண்டியதைக் கேக்கலை."

அண்ணை மெல்ல என் பக்கம் திரும்பினார். ஓர் ஆயரின் முழு அதிகாரமும் அந்தக் கண்களில் இருந்தது.

"தம்பி. கேளும்."

பாதி மடித்த படுக்கை விரிப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டேன். என் குரல், கந்தோர் அண்ணை கதவு தட்டிய சத்தத்தைவிடச் சின்னதாக வந்தது. மதலேன் விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

"உம்," என்றாள். "நேரா புடிங்க."

ஒரு செவ்வாய்க்கிழமை, பக்கப் பீடத்தில் கலியாணம் நடந்தது. ஈசனும் கந்தோர் அண்ணையும் சாட்சிகள். ஈசன் வாயைத் திறக்கக் கூடாது என்பது மதலேனின் நிபந்தனை. காற்றில் கோயில் கதவு அடித்துச் சாத்தியபோது, அண்ணை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். சடங்கு முடியும்வரை விடவில்லை.

இப்போது அவர் கனடாவில் மகளோடு இருக்கிறார். ஞாயிறுகளில் கூப்பிடுவார். "இஞ்சை ஒருத்தரும் தட்டுறேல்லை தம்பி. மணிதான் அடிக்கினம். அதுவும் பயமாத்தான் கிடக்கு." அவருடைய கந்தோர் வரலாற்றில் எங்கள் வீட்டுக் கதவைப் பற்றி ஒரு வரி கூடியிருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். அவர் நம்பவில்லை.

எங்கள் வீட்டிலும் மணி உண்டு. தபால்காரர் மட்டும் சில நாள் கதவில் தட்டுவார். அந்த நேரங்களில், அண்ணைதானோ என்று, நான் மதலேனை முந்திக்கொண்டு ஓடிப்போய்த் திறக்கிறேன்.