முதல் வரிசையில் ஒரு மூச்சு

பத்தொன்பதாவது வினாடியில் பஞ்சர்க்காரர் நாற்காலியோடு சாய்ந்தார்.

ஒத்திகை மேடையில் அவர் மனைவி ஒரு நீண்ட சுரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பாட்டின் கடைசி இடம். கூடப் பாடும் முப்பது பேரும் நிறுத்திக்கொள்ள, அவள் மட்டும் ஒரே மூச்சில் இருபத்தைந்து வினாடி இழுக்க வேண்டும். முதல் வரிசையில் 'தடால்' என்று கேட்டதும் சுரத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"என்னங்க, அடிபட்டுச்சா?"

"எனக்கு ஒண்ணுமில்ல. நீ ஏன் நிறுத்தின? பாடு," என்றார் அவர் தரையிலிருந்தபடியே.

பாட்டு டீச்சர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார். "அவங்க பாடறப்ப நீங்க எதுக்கு சார் மூச்சப் புடிக்கறீங்க?"

"நான் எங்க புடிக்கறேன்? அதுவா நின்னுடுது. அவ அங்க மூச்சில்லாம நிக்கறப்ப நான் மட்டும் சொகுசா மூச்சு விட்டுக்கிட்டு உக்காந்திருக்க முடியுமா?"

"விழாவுக்குப் பன்னெண்டு நாள்தான் இருக்கு. இந்த இடம் நிக்கலன்னா பல் டாக்டரம்மாகிட்ட குடுத்துடுவேன்."

இரண்டாம் வரிசையில் நின்றிருந்த பல் டாக்டரம்மா, யாரும் கேட்காமலேயே நிமிர்ந்து நின்றுகொண்டாள்.

பஞ்சர்க்காரர் எழுந்து நாற்காலியை நிமிர்த்திப் போட்டார். அவர் மனைவி தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கிறவள். காலை முதல் மாலை வரை வாய் திறக்க வேண்டிய அவசியமே இல்லாத வேலை. அப்படிப்பட்டவள் மாலையில் வாய் திறந்தால் ஒரு கூடமே வாயடைத்துப் போகும். அந்தப் பெருமையை மனதுக்குள் வைத்துக்கொள்ளும் வழக்கம் அவருக்கு இல்லை. அவர் கடைக்கு வருகிறவர்களுக்குச் சக்கரத்தில் காற்று ஏறுவதற்கு முன்பே காதில் விஷயம் ஏறிவிடும்.

"இருபது வருஷமா காத்தோடதான் பொழப்பு, சார். ஒரு பொட்டுக் கசிவு இல்லாம காத்த வெச்சிருக்கறது என் சம்சாரம் ஒருத்திதான்!"

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மனைவி ஒன்றுதான் சொன்னாள். "விழாம மட்டும் பாத்துக்கங்க. அது போதும்."

'போதும்' என்ற சொல்லோடு அவருக்குப் பழக்கமே கிடையாது. மறுநாளே டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"எனக்கும் மூச்சுப் பயிற்சி சொல்லிக் குடுங்க."

டீச்சர் தலையில் அடித்துக்கொண்டாலும் சொல்லிக் கொடுத்தார். "மூச்ச நெஞ்சுல தேக்காதீங்க, வயித்துக்கு இறக்குங்க. விலா ரெண்டு பக்கமும் விரியணும். தோள் மேல ஏறக் கூடாது. அப்புறம் 'ஸ்ஸ்'னு கொஞ்சம் கொஞ்சமா விடணும்."

"வால்வு மாதிரியா?"

"வால்வு மாதிரிதான்."

அதற்குப் பிறகு அவருக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் மல்லாந்து படுத்து, வயிற்றின் மேல் ஒரு ஸ்கூட்டர் டயரை வைத்து, அது ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். டயர் ஏறினால் மூச்சு சரியான இடத்துக்குப் போகிறது என்று அர்த்தம். பிறகு உட்கார்ந்து 'ஸ்ஸ்ஸ்' என்று விடுவார். அந்தச் சத்தத்தைக் கேட்டு வாடிக்கையாளர்கள் குனிந்து குனிந்து தங்கள் சக்கரங்களைத் தடவிப் பார்த்தார்கள்.

"அண்ணே, எங்கயோ காத்து இறங்குதே?"

"அது என்னோடது," என்றார் பஞ்சர்க்காரர் பெருமையாக.

ஒரே வாரத்தில் தேறிவிட்டார். அடுத்த ஒத்திகையில் முதல் வரிசையில், தோள் அசையாமல், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல், சலூனில் தலையைக் கொடுத்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். மேடையில் கடைசிச் சுரம் கம்பீரமாக எழுந்தது. மனைவி அவரைப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். இருந்த காற்றையெல்லாம் முதல் பத்து வினாடியிலேயே தாராளமாகச் செலவழித்தாள். பதினைந்தாவது வினாடியில் குரல் கீறிக்கொண்டு நின்றது.

"என்னம்மா இது? அவர் விழாமலே நின்னுடுச்சு!" என்றார் டீச்சர்.

பஞ்சர்க்காரர் யோசித்தார். விழுந்தாலும் கெடுகிறது, விழாவிட்டாலும் கெடுகிறது என்றால் கோளாறு தன்னிடம்தான். கடைக்கு வந்தவன் போனவனிடமெல்லாம் பீற்றிக்கொண்டதில் தன் கண்ணே பட்டுவிட்டது. தன் கண்ணில் அவள் படவே கூடாது.

அதற்கடுத்த ஒத்திகையில் கடைசி வரிசைக்குப் போய், ஒரு தூணுக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டார். மனைவி பதினோரு வினாடிதான் தாங்கினாள். பாடும்போது அவள் கழுத்து இடமும் வலமுமாகத் திரும்பியபடியே இருந்தது.

"கவனம் எங்கம்மா இருக்கு?" டீச்சரின் குரல் ஏறியது. "விழா அன்னிக்கு டாக்டரம்மா உங்க பக்கத்துலயே நிப்பாங்க. உங்க குரல் ஆடிச்சுன்னா நான் கை காட்டுவேன், அவங்க எடுத்துப்பாங்க."

வழியில் மனைவி கேட்டாள். "எங்க போய் ஒளிஞ்சீங்க?"

"உனக்குத் தொந்தரவு வேணாம்னுதான்..."

"தொந்தரவுன்னு யாரு சொன்னா? பழையபடி முன்னாடி வந்து உக்காருங்க."

அவள் தங்கமான குணம் அப்படிப் பேச வைக்கிறது என்று அவர் முடிவு கட்டினார். தூண் போதவில்லை, சுவரே வேண்டும்.

ஆக, விழா நாளில் அரங்கு நிரம்பி வழிந்தபோது, இருக்கிறதிலேயே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு வெளி வராந்தாவில் நின்றார். அவர் வாழ்நாளெல்லாம் காத்திருந்த நாள் இது. கதவு இடுக்கு வழியாகக் கூடப் பார்க்கக் கூடாது என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

இடைவேளையில், குழுவுக்குப் பியானோ வாசிக்கிறவர் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார்.

"இங்கயா நிக்கறீங்க? முதல் வரிசையப் பாத்துப் பாத்து அவங்களுக்குக் கண்ணு பூத்துப் போச்சு சார்! வாங்க உள்ள."

"வேணாங்க, நான் வந்தா..."

"ஒண்ணும் பேசாதீங்க."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நட்ட நடுவே உட்கார வைத்துவிட்டார்.

கடைசிப் பாட்டு வந்தது. முப்பது குரல்களும் அடங்கின. அவள் குரல் மட்டும் தனியாக எழுந்தது. வால்வு, வயிறு, விலா என்று பஞ்சர்க்காரர் மனதுக்குள் சொல்லிக்கொண்டார். ஆனால் அத்தனை பேருக்கு நடுவில் அவள் நிமிர்ந்து நின்ற நிற்பைப் பார்த்ததும் படித்த பாடம் எல்லாம் பறந்துவிட்டது. தோள் காது வரை ஏறியது. நெஞ்சு அடைத்துக்கொண்டது. அவருடைய சம்சாரம்! காது சுட்டது. கழுத்து நரம்பு புடைத்தது. விழக் கூடாது என்று நாற்காலியின் இரண்டு கைகளையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். இருபது. இருபத்திரண்டு. கண் இரண்டும் வெளியே வந்துவிடும் போலிருந்தது.

இருபத்தைந்தாவது வினாடியில், கத்தரித்த மாதிரி, ஒரு பிசிறு இல்லாமல் சுரம் முடிந்தது.

அரங்கம் எழுந்து நின்றது. டீச்சரின் கை கடைசி வரை எழவே இல்லை. பஞ்சர்க்காரர் மூச்சு வாங்கிக்கொண்டே பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாதவரின் முதுகில் ஓங்கித் தட்டினார். "என் சம்சாரம் சார்!" என்று சொல்லி அழுதேவிட்டார்.

கூட்டம் கலைந்ததும் மேடைக்குப் பின்னால் டீச்சரிடம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மன்னிச்சுடுங்க டீச்சர். நீங்க சொல்லிக் குடுத்தது எதுவுமே நிக்கல. மறுபடியும் மூச்சப் புடிச்சுட்டேன். நல்ல வேளை, அவ பாக்கல."

மனைவி திடீரென்று தன் பையைத் திறந்து எதையோ மும்முரமாகத் தேட ஆரம்பித்தாள்.

பக்கத்தில் பல் டாக்டரம்மா நின்றிருந்தாள். அந்த இடத்தைப் பாடிப் பழகுவதற்காக மனைவியிடம் வாங்கியிருந்த பாட்டுத் தாளைத் திருப்பிக் கொடுக்க வந்தவள், அதை அவர் முன்னால் பிரித்து நீட்டினாள்.

"இதுல பென்சில்ல என்ன எழுதியிருக்குன்னு நீங்களே பாருங்க சார்: 'அவர் காது சிவந்தா பாதி, கழுத்து நரம்பு தெரிஞ்சா இன்னும் அஞ்சு வினாடி, கண்ணு பிதுங்கினா முடிச்சுடணும்.' இத வெச்சுக்கிட்டு நான் எப்படிப் பழகறது, எங்க வீட்ல இந்த மாதிரி ஒரு மூஞ்சி இல்லையே!"