ஏரம்பு அண்ணை, லைற்றை நூருங்கோ!

இருட்டைக் குத்தகைக்கு எடுத்த பிறவி ஒன்று நம்மிடையே உலாவுகிறது, கண்டிருக்கிறீர்களா? போனைத் தட்டினால் படம் வந்து விழுகிற இந்தக் காலத்தில், பழைய பிலிம் கமரா ஒன்றைத் தேடிப் பிடித்து, அதை முக்காலியில் ஏற்றி, அதன் கண்ணை அரை மணித்தியாலம் திறந்து வைத்துவிட்டு, மின்மினி வந்து விழும் என்று மூச்சடக்கி நிற்கும் பிறவி.

புளியங்கூடல் பிரவீனனையே எடுங்கள். பகலில் தபால் கந்தோரில் முத்திரை குத்துகிற, ஒரு கோழியைக்கூட அதட்டத் தெரியாத மனிதர். மாரி தொடங்கி, வெளிநாடு போனவர்களின் பக்கத்து வளவுப் பற்றைக்குள் மின்மினி மினுங்கிவிட்டால் போதும், ஒழுங்கை முழுவதற்கும் அவரே அதிகாரி. வாசல் லைற் எரியக்கூடாது. மோட்டார் சைக்கிள் வரக்கூடாது. சுருட்டு? மூச்! நெருப்பு வெளிச்சம் பிலிமில் விழுமாம். நுளம்பை மட்டும் அடிக்கலாம், சத்தமில்லாமல்.

அவர் மனைவி நிமலினிக்கு ஒரேயொரு ஆசை. கலியாணம் முடித்து நாலு மாரி போய்விட்டது, ஒரு நாளாவது அவர் பக்கத்தில் இருந்து அந்தப் பூச்சிகளைப் பார்க்கவேண்டும். "இந்தப் படம் முடியட்டும்" என்பார் பிரவீனன். இந்த மாரி பிலிமில் முப்பத்தைந்து படம் முடிந்துவிட்டது.

அன்று பிலிமில் மிச்சமிருந்த கடைசிப் படம். மறுநாள் பெருமழை என்று வானொலி வேறு சொல்லிவிட்டது. நிமலினி தானே இரண்டு கதிரை கொண்டுவந்து போட்டாள். மனிதர் இருந்தாரா? கமராவையும் மணிக்கூட்டையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இஞ்சை பாருங்கோ, என்ர தலையிலை ஒண்டு வந்து இருக்குது!"

"ஐயோ, கலைச்சு விடும்! அந்த வெளிச்சம் படத்தைப் பழுதாக்கிப்போடும்."

மின்மினியைப் படமெடுக்க மின்மினியைக் கலைக்கச் சொன்ன மனிதரை வேறெங்காவது கண்டதுண்டா? நிமலினி கலைக்கவில்லை.

இருபதாவது நிமிடம், வளவுக்கு அந்தப் பக்கம் ஏரம்பு வீட்டுக் குசினியில் பளிச்சென்று வெளிச்சம். பிரவீனன் கமராவை விட்டுப் பாய்ந்தார். ரோச் லைற்றைப் பிடித்தபடி பற்றைக்குக் குறுக்கே விழுந்தடித்து ஓடினார்.

"ஏரம்பு அண்ணை, லைற்றை நூருங்கோ!"

"தம்பி, கறி அடிப்பிடிக்குது. இருட்டுக்குள்ளை நான் சட்டியை எங்கை தேடுறது?"

சண்டை பிடித்து, லைற்றை அணைக்க வைத்து, படத்தைக் காப்பாற்றிவிட்ட மிதப்போடு திரும்பினார். நிமலினிக்குப் பக்கத்தில் ஒரு கதிரை வெறுமையாகவே கிடந்தது.

மூன்று கிழமை கழித்துக் கொழும்பில் கழுவிய படம் வந்தது. கடைசிப் படத்தில் மருந்துக்கும் ஒரு மின்மினி இல்லை. இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை தடித்த வெள்ளைக் கோடு ஒன்றுதான். ஏரம்புவைத் திட்ட வாயெடுத்தவர் அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். கமராவுக்கு முன்னால் ரோச் லைற்றோடு ஓடியது வேறு யார்?

"அண்டைக்கு எப்பிடி இருந்தது, நிமலினி?" மெல்லத்தான் கேட்டார்.

"நல்ல வடிவு. என்ர தலையிலை இருந்தது கனநேரம் போகேல்லை. நீங்கள்தான் காணேல்லை. இனி அடுத்த மாரிதான்."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன திருவிழாவுக்கு நயினாதீவு போனீர்களே, தேர் உங்கள் முன்னால் வந்து நின்றதே, அம்மனுக்கு அன்று என்ன நிறச் சேலை?

பொறுங்கள், பொறுங்கள். போனை எடுக்காமல் சொல்லுங்கள்.