முதுகு காட்டி வந்த லாரி

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். கடிதம் எழுதினால்கூட "நலம், நலமறிய ஆவல்" என்பதற்கு மேல் கை ஓடாது. அப்படிப்பட்டவன் கட்டுரை எழுத உட்கார்ந்திருப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான், மன்னிக்க வேண்டும். ஆனால் ஒரு பொய் இருபது வருஷத்துக்கு மேலாக என்னைத் துரத்திக்கொண்டிருக்கிறது. வாயால் சொல்லக் கூச்சமாக இருப்பதால் எழுதித் தொலைக்கிறேன்.

அறுபதுகளின் நடுவில் கடலூர் பழைய பட்டினத்தில் என் அக்கா வீட்டுக்காரரிடம் ஒரு லாரி இருந்தது. யுத்த காலத்து லாரி. கருவாடும் ஐஸ் மீனும் ஏற்றி ஏற்றி, காலியாக நிற்கும்போதுகூடப் பூனைகள் அதைச் சுற்றி வரும். அதன் பெட்ரோல் எஞ்சின் ஒருநாள் நடுரோட்டில் உயிரை விட்டது. அந்த லாரிக்கு நான்தான் மெக்கானிக். (மெக்கானிக் என்றால், மாமா திட்டிக்கொண்டே கை நீட்டும்போது சரியான ஸ்பேனரை எடுத்து வைப்பவன்.)

அந்த நேரம் பார்த்து எனக்குச் சிதம்பரத்தில் பெண் பேசினார்கள். பெண்ணின் அப்பா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவர். எங்களைப் போலக் கரையோரக் குடும்பம்தான், ஆனால் கடலை விட்டு ஊருக்குள் போனவர். "கைத்தொழில் தெரிஞ்சவனுக்குத்தான் பொண்ணு" என்று ஏற்கெனவே இரண்டு பேரைத் திருப்பி அனுப்பியிருந்தார். அவரிடம் எங்கள் மாமா, "பையன் லாரிக்கு எஞ்சினையே மாத்திக்கினு இருக்கான். நிச்சயத்துக்கு அதுலதான் வருவோம், பாருங்க" என்று அளந்துவிட்டு வந்துவிட்டார்.

ஆகவே எஞ்சின் மாற்றியே ஆக வேண்டும். துறைமுகத்தில் உடைத்துப் போட்ட ஒரு பழைய மோட்டார்ப் படகின் (லாஞ்சு என்போம்) டீசல் எஞ்சின் மலிவாகக் கிடைத்தது. லாஞ்சில் இரண்டு எஞ்சின்கள் இருந்தன. இடது பக்கத்தது துரு குறைவாக இருந்ததால் அதை எடுத்தோம். புளியமரக் கிளையில் சங்கிலி கட்டித் தூக்கி, மஞ்சக்குப்பத்து லேத்துப் பட்டறையில் கடைந்து வாங்கிய தகட்டை நடுவில் வைத்து, பழைய கியர்பாக்ஸோடு பொருத்தினோம். மூன்று வாரம். என் விரல்களில் நகம் இருந்த இடம் எது, கிரீஸ் இருந்த இடம் எது என்று தெரியாது.

வியாழக்கிழமை ஹேண்டில் போட்டுச் சுற்றினேன். புகை கக்கிப் பிடித்துக்கொண்டது. மாமா என்னைக் கட்டிப்பிடித்தார். ஒரு விஷயம் மட்டும் எனக்கு உறுத்தியது. லாரி ஹேண்டிலை வலது பக்கமாகச் சுற்றுவோம். இதை இடது பக்கமாகச் சுற்றினால்தான் பிடித்தது. கடல் எஞ்சின் அப்படித்தான் போலிருக்கிறது என்று வாயை மூடிக்கொண்டேன். மாமாவிடம் போய் நான் என்ன சொல்வது!

வண்டியை நகர்த்திப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். "பூசை போடாம சக்கரம் உருளக் கூடாது" என்று மாமா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நின்ற இடத்திலேயே ஓடவிட்டு ரசித்தோம்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பூசை. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். மேலே பெஞ்சு போட்டு அக்காவும் இன்னும் ஏழெட்டுப் பெண்களும் வரிசைத் தட்டுகளோடு உட்கார்ந்தார்கள். பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் சிதம்பரத்தில் தட்டு மாற்றியாக வேண்டும். மாமா முதல் கியர் போட்டுக் கிளட்சை விட்டார்.

லாரி பின்னால் போனது.

பூசணிக்காயை ஏறி நசுக்கி, எதிர்வீட்டில் காயப் போட்டிருந்த வலைக்குள் புகுந்து நின்றது. எலுமிச்சம்பழம் நசுங்கியது என்னவோ உண்மை. தப்பான திசையில் நசுங்கியது.

"யோவ், வூட்டுக்குள்ளயே வந்துருங்களேன், காப்பி போடறேன்!" என்று எதிர்வீட்டுக்காரி கத்தினாள்.

மாமா இரண்டாவது கியர் போட்டார். இன்னும் வேகமாகப் பின்னால் போகப் பார்த்தது. ரிவர்ஸ் போட்டார். அமைதியாக முன்னால் வந்தது.

"மாமா," என்றேன் மெதுவாக, "ஹேண்டில் இடது பக்கமாத்தான் சுத்திச்சு."

"இத ஏண்டா மச்சான் நேத்தே சொல்லல?"

"நீங்க கேக்கல மாமா."

லாஞ்சு நேராகப் போக வேண்டுமானால் இரண்டு எஞ்சினும் எதிரும் புதிருமாகச் சுற்ற வேண்டுமாம். நாங்கள் துரு பார்த்து எடுத்தது எதிராகச் சுற்றுகிற எஞ்சின். அதாவது எங்கள் லாரிக்குப் பின்னால் போக நாலு கியர், முன்னால் போக ஒன்றே ஒன்று.

அந்த ஒரு கியரில் புறப்பட்டோம். மாட்டு வண்டிகள் எங்களைத் தாண்டிப் போயின. விசிறியும் தலைகீழாகச் சுற்றியதால் ஆலப்பாக்கம் வருவதற்குள் ரேடியேட்டர் கொதித்துச் சீறியது. மணி எட்டைத் தாண்டிவிட்டது. பாதி தூரம்கூடப் போகவில்லை.

"லாரி ஓடலன்னா பொண்ணு இல்ல" என்றாள் அக்கா மேலேயிருந்து. "என் தம்பி கல்யாணம் இல்லாம கட்டமண்ணாவே நிக்கப் போறான்."

மாமா பீடியை வீசினார். "திருப்புடா வண்டிய" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு லாரியைத் திருப்பி, முகத்தைக் கடலூர் பக்கமும் முதுகைச் சிதம்பரம் பக்கமும் வைத்தார். "மச்சான், நீ பின்னால நின்னு கை காட்டு. நான் அமுக்கறேன்."

அணியத்தில், அதாவது படகின் முன்முனையில் நின்று வழி காட்டுவார்களே, அப்படி நான் பின்கதவில் ஏறி நின்றேன். கையில் அக்காவின் சிவப்பு ரவிக்கைத் துண்டு. தெருவில் பெரியம்மாவைப் பார்த்தாலே குனிந்து போகிறவன் நான். அன்றைக்கு ரோடு முழுக்க என் மூஞ்சியைப் பார்த்தது. கடலூர் பக்கமிருந்து எங்களைத் தொடர்ந்து வந்த பஸ் டிரைவர், நாங்கள் எதிரே வருவதாக நினைத்து வண்டியைப் புளியமரத்தடியில் ஒதுக்கினார். ரயில்வே கேட்டுக்காரர் எங்களை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "போறீங்களா, வர்றீங்களா?" என்று கேட்டார்.

"போறோம்!" என்று பெண்கள் எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். பின்னால் போனபோது விசிறியும் காற்றும் ஒத்துப்போய், எஞ்சின் கொதிக்கவே இல்லை.

பத்து மணி சுமாருக்கு, முதுகைக் காட்டிக்கொண்டு, பெண் வீட்டுத் தெருவுக்குள் நுழைந்தோம். பன்னீர்ச் சொம்போடு வாசலில் நின்ற பெண்ணின் அப்பாவுக்கு நேராக, சிவப்புத் துணியோடு முதலில் போய்ச் சேர்ந்தது நான்தான். மாமா அந்தக் கோடியில், கேபினுக்குள்.

"இது என்னங்க, இப்படி?" என்றார் பெண்ணின் அப்பா.

தெருவே என்னைப் பார்த்தது. எங்கிருந்து வந்ததோ அந்த வார்த்தை!

"எங்க பக்கத்து வழக்கமுங்க. பொண்ணு வூட்டுக்கு வரிசைத் தட்டுதான் மொதல்ல வரணும். வண்டி மூஞ்ச காட்டக் கூடாது."

அவர் வரிசைத் தட்டுகளை ஒருமுறை பார்த்தார். "நாங்க ஊருக்குள்ள வந்து எல்லாத்தையும் மறந்துட்டோம்" என்று பெருமூச்சு விட்டு, பன்னீரைத் தெளித்தார். பத்தரைக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது தட்டு மாறியது.

திரும்பும்போது தெருக்கோடி வரை முன்னால் போக வேண்டியிருந்தது. அந்த ஒரே கியர். வழியனுப்பக் கூடவே நடந்து வந்த வருங்கால மாமனார் எங்களை முந்திப் போய், மூலையில் நின்று காத்திருந்தார்.

"மாப்ள, எஞ்சின் சரியில்லையா?"

"மரியாதைங்க. பெரியவங்க நடக்கறப்ப வண்டி முந்தக் கூடாது."

அவர் கண் கலங்கிவிட்டது. பெண் வீட்டு ஜன்னல் பக்கமிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. கல்யாணத்துக்குப் பிறகுதான் என் மனைவி கமலா சொன்னாள்: "சைக்கிள் கடைக்காரர் பொண்ணுங்க நானு. எந்தச் சக்கரம் எந்தப் பக்கம் சுத்துதுன்னு தெரியாதா? ஆனா அந்தப் புளுகு எனக்குப் புடிச்சிருந்துச்சி."

அப்பாவிடம் அவளும் சொல்லவில்லை. அதுதான் வினை. அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் நடந்த எல்லா நிச்சயத்துக்கும் வண்டி முதுகு காட்டித்தான் வர வேண்டும் என்று மாமனார் சட்டமே போட்டுவிட்டார். போன தை மாதம் என் மகளுக்கு நிச்சயம். பண்ருட்டியிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டாரின் வேனைத் தெருமுனையிலேயே நிறுத்தித் திருப்பச் சொன்னார் மாமனார், இந்த வயதிலும் கைத்தடியை ஆட்டிக்கொண்டு. டிரைவர் எதற்கு என்று கேட்டான்.

"மாப்ள, நீங்களே வெவரமா சொல்லுங்க" என்றார் என்னைப் பார்த்து.

கமலா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். நான் வெவரமாகச் சொன்னேன்.

அந்த லாரி என்ன ஆனது என்கிறீர்களா? என் நிச்சயத்துக்கு மறுநாளே, அந்தச் சனிக்கிழமையே, மாமாவும் நானும் அந்த எஞ்சினைக் கீழே இறக்கிவிட்டோம்.