காம்பு நறுக்கிய காளான்

கூடை காலி. விடிந்ததிலிருந்து காட்டைச் சல்லடை போட்டுச் சலித்தும், மாப்பிள்ளையின் கையில் ஒரு காளான்கூடச் சிக்கவில்லை.

மாமனாரோ இந்த விஷயத்தில் பெரிய புலி! வருஷா வருஷம் அவர் காளான் பறித்து, உப்புநீரில் ஊறப்போட்டு, பாட்டில் பாட்டிலாக அலமாரியில் அடுக்குவதைச் சொந்தக்காரர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். "ஒரு காளான் பறிக்கத் துப்பில்லாத ஆளுக்கா என் பொண்ணைக் கட்டிக் குடுத்தேன்?" என்று போன வருஷம் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். மாப்பிள்ளைக்கு அது இன்னும் ஆறவில்லை.

பஸ் நிறுத்தத்தில் ஒரு அம்மா கூடை நிறையக் காட்டுக் காளான் வைத்திருந்தாள்.

"இது ஒருத்தருக்குன்னு எடுத்து வச்சது தம்பி."

"அவருக்கு நாளைக்குக் குடுங்கம்மா. இங்க என் மானம் போகுது!"

வீட்டில் மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. பாதியை நூலில் கோத்து ஜன்னலில் காயப் போட்டாள். மீதியைப் பாட்டிலில் அடைத்தாள். அதோடு விட்டாளா? அப்பாவுக்குப் போனையும் போட்டுவிட்டாள்.

"எனக்கு இன்னிக்கு ஒண்ணுமே கிடைக்கலையே! எந்த இடம் மாப்பிள்ளை? நாளைக்கு நானும் வரேன்" என்றார் மாமனார்.

மாப்பிள்ளை வாய்க்கு வந்த ஒரு மரத்தடியைச் சொல்லிவைத்தான். மறுநாள் விடியும்போதே ஓடிப்போய், அந்த அம்மாவிடம் கெஞ்சிக் கூத்தாடி இன்னொரு கூடையை வாங்கி, மரத்தடியில் ஒவ்வொன்றாக நட்டு வைத்தான். கையில் ஒட்டிய மண்ணைத் துடைப்பதற்குள் மாமனார் வந்துவிட்டார்.

"அடேயப்பா!" என்று குனிந்து ஒன்றைப் பிடுங்கினார். கத்தியால் நறுக்கிய காம்பு பளிச்சென்று தெரிந்தது. போச்சு!

மாமனார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ம்... இந்த வருஷம் மழை குறைச்சல். இப்படித்தான் முளைக்கும்."

"ஆமா மாமா! கரெக்டாச் சொன்னீங்க!"

அப்பாடா! ஆனால் திரும்பும் வழியில் பஸ் நிறுத்தம் வருமே?

"அந்தப் பக்கம் ஒரே சேறு மாமா. ஒத்தையடிப் பாதையில போயிடலாமா?"

"நானே சொல்லணும்னு இருந்தேன். வாங்க, வாங்க!" என்று மாமனார் அவனை முந்திக்கொண்டு நடந்தார்.

பாதி வழியில் அந்த அம்மாவே எதிரே வந்து நின்றாள். மாப்பிள்ளை கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு இருமினான். மாமனார் செருப்பைச் சரிசெய்யக் குனிந்தார்.

அவள் நேரே மாமனாரிடம்தான் போனாள்.

"கோவிச்சுக்காதீங்கய்யா! வருஷா வருஷம் உங்களுக்குன்னு எடுத்து வைக்கிற கூடையத்தான், மானம் போகுதுன்னு சொல்லி இந்தத் தம்பி ரெண்டு நாளாப் பிடுங்கிட்டுப் போயிடுறாரு!"